கோந்துவுக்குக் கிடைத்த புதன்கிழமை

"ஆணா, பொட்டையா?"

மளிகைக்கடைக்காரர் அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார். நோட்டுப் புத்தகங்கள் கட்டும் பைண்டர், சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, பெட்டிக்குள் கையை விட்டு ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"பொட்டைதான். ஆனா ரொம்ப சமத்துங்க. கண்ணைப் பாருங்களேன்."

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு இது ஆறு குட்டி போடும், அதை எல்லாம் நான் யார் தலையில கட்டறது? ஆண்குட்டி இருந்தா குடுங்க, குடோனுக்கு ஆகும்."

ஆண்குட்டிகள் இரண்டும் முதல் தெருவிலேயே போய்விட்டன. ரேஷன் அரிசிக்குக் கூட அப்படி ஒரு கிராக்கி இருந்திருக்காது. மிச்சம் நான்கும் பெண். தையற்கடை, பூட்டுக்கடை, சலூன், மரக்கடை என்று ஏறி இறங்கியதில் பைண்டருக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். சலூன்காரர் மட்டும், "போன தடவை எடுத்துட்டு வந்ததும் இதே பெட்டிதானே?" என்று கேட்டுச் சிரித்தார். பெட்டி வேறு. குட்டிகளும் வேறு. தாய்தான் ஒன்று.

அந்தத் தாயின் பெயர் கோந்து. ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் பைண்டிங் அறைக்குள் நுழைந்து, காகிதக் கட்டுகளுக்கு நடுவில் சுருண்டு படுத்த தவிட்டு நிறக் குட்டி. விரட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. அவர் நோட்டுகளுக்கு முதுகு ஒட்டும்போது காலடியில் கிடக்கும். எழுந்தால் எழும், நடந்தால் நடக்கும். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான்கூட உங்களோட இப்படி ஒட்டினதில்ல" என்று அவர் மனைவி சொல்ல, பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

முதல் வருடமே மனைவி சொன்னாள். "கால்நடை ஆஸ்பத்திரியில குறைஞ்ச கட்டணத்துல குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்றாங்களாம். இதைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க."

பைண்டர் ஏதோ தன் வயிற்றிலேயே கத்தி வைக்கச் சொன்னதுபோலப் பதறினார். "வாயில்லா ஜீவன்! அது வந்து நம்மகிட்ட கேட்டுச்சா? ஒரு தடவையாவது தாயாகிப் பார்க்கட்டும், பாவம்."

அந்த ஒரு தடவை இரண்டாகி, மூன்றாகி, இப்போது ஐந்து. நல்ல மனிதர்தான். எறும்பு ஊர்ந்தால் கூடப் பசைத் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அது போகும்வரை காத்திருப்பார். அந்த நல்ல மனசுதான் கோந்துவின் தலையில் விடிந்தது.

விலைபோகாத பெண்குட்டிகளை ஒவ்வொரு முறையும் காய்கறிச் சந்தையின் பின்வாசலில் விட்டுவிட்டு வருவார். அங்கே தின்ன ஏதாவது கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இந்த முறையும் நான்கையும் அங்கேதான் விட்டார். ஆனால் மூன்றாம் நாள், அட்டை வாங்கப் போனவர் பழக்க தோஷத்தில் அந்த வழியாகப் போய்விட்டார். கண்ணைப் பாருங்களேன் என்று அவர் தூக்கிக் காட்டிய குட்டி, சரக்கு வண்டி திரும்பும் இடத்தில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. மற்ற மூன்றையும் காணவில்லை.

அட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்தார். "நீ சொன்னதுதான் சரி. தேதி வாங்கிட்டு வர்றேன்" என்றார். மனைவி எதுவும் குத்திக்காட்டவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டரம்மா. புதன்கிழமைகளில் மட்டும் இந்த ஆபரேஷன், ஒரு நாளைக்கு எட்டு. வெளியே தனியாரிடம் போனால் பைண்டரின் ஒரு மாத உழைப்பு போய்விடும், இங்கே ஒரு நாள் கூலியோடு முடிந்தது. அதனால் கூட்டம். குட்டிகள் பால் மறந்துவிட்டதால் கோந்துவுக்கு ஆபரேஷன் செய்யத் தடையில்லை, ஆனால் இரண்டு மாதம் தள்ளித்தான் தேதி. கம்பவுண்டர் சீட்டில் புதன்கிழமையை எழுதி வட்டமிட்டுக் கொடுத்தார். "முந்தின நாள் ராத்திரியோட சாப்பாட்டை நிறுத்திடணும். வெறும் வயித்துலதான் கூட்டிட்டு வரணும், தெரியுதா?"

அந்தப் புதன்கிழமை காலையில் கோந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தது. முந்தின இரவிலிருந்து ஒன்றுமில்லை. மனைவி குளிக்கப் போயிருந்தாள். பைண்டருக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாடு போடக்கூடாது என்றுதானே சொன்னார்கள், பால் சாப்பாட்டில் சேர்த்தியா? ஒரு கிண்ணம் வெதுவெதுப்பாக ஊற்றினார். கோந்து நக்கி முடித்ததும் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வயிறு நிறைந்த நிம்மதி அவருக்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். "ஏதாவது சாப்பிட்டுதா?"

"ஒண்ணும் சாப்பிடலைங்க."

அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிடவில்லை, குடித்தது. அவருக்குத் தெரிந்த தமிழில் இரண்டும் வேறு வேறு.

மயக்கத்துக்கு முன் போடும் ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் கோந்து குமட்டிக் குமட்டிப் பாலைக் கக்கியது. மேசையெல்லாம் வெள்ளை. டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"என்னங்க இது? ஒண்ணும் சாப்பிடலைன்னீங்க?"

"சாப்பிடலைங்க... பால்தான்... கொஞ்சம்..."

"முழு மயக்கத்துல இது வந்திருந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போய் இங்கேயே செத்திருக்கும். இன்னைக்குப் பண்ண முடியாது. வேற தேதி வாங்கிட்டுப் போங்க."

"அடுத்த புதன்கிழமை முடியுங்களா?"

கம்பவுண்டர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே போனார். புரட்டிய வேகம் குறைய நேரமாயிற்று. "ரெண்டு மாசம் ஆகும். நடுவுல யாராவது வரலைன்னா சொல்லி அனுப்பறேன்."

யாரும் வராமல் இருக்கவில்லை. பைண்டர் ஒவ்வொரு புதன்கிழமையும் வாசலில் போய் நின்று பார்த்தார். எட்டுப் பேரும் சொல்லி வைத்ததுபோல வந்து சேர்ந்தார்கள்.

மூன்றாவது வாரம் கோந்து பருவத்துக்கு வந்தது. வாசலில் ஏழெட்டு ஆண்நாய்கள் கூடிவிட்டன. கணவனும் மனைவியும் அதைப் பைண்டிங் அறையிலேயே கட்டிப்போட்டு, கதவை அடைத்து, ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் காகிதம் வந்து இறங்கியது. இரண்டு பேர் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது கதவை மூட முடியவில்லை. கயிறு அறுந்து கிடந்ததை மனைவிதான் பார்த்தாள். பைண்டர் சந்து சந்தாக ஓடிக் கோந்துவைக் கூட்டி வந்தபோது மணி நான்கு.

"ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார்.

"ம்" என்றாள் மனைவி. இரண்டு பேருக்கும் தெரியும்.

இரண்டாவது தேதிக்கு வெறும் வயிறாகத்தான் கூட்டிப் போனார். டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சினையா இருக்குங்க. இந்த நிலையிலயும் சில நாய்க்குப் பண்ணுவேன். இதுக்குப் பண்ண முடியாது. உடம்புல ரத்தமே இல்லை. எத்தனாவது ஈத்து?"

"ஆறாவதுங்க."

டாக்டரம்மா சத்து மருந்து எழுதினார். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று பைண்டருக்குத் தோன்றியது.

மருந்து, முட்டை, ஈரல் என்று வீட்டில் யாருக்கும் நடக்காத உபசாரம் கோந்துவுக்கு நடந்தது. மனைவி தன் பங்கு பாலையும் அதற்கே ஊற்றினாள். எதுவும் ஒட்டவில்லை. ஒரு பகல் பொழுதில், நறுக்கிப்போட்ட காகிதக் கீற்றுகளின் மேல் ஏழு குட்டிகள் போட்டது. மூன்று குட்டிகளை நக்கியது, நான்காவதை நக்கத் தலை தூக்க முடியவில்லை. பைண்டர் ஈரத்துணியால் மற்றவற்றைத் துடைத்தார். மறுநாள் மத்தியானம் அவர் காலடிக்கு வர முயன்று, அறையின் பாதியிலேயே படுத்துவிட்டது. அவர் நகர்ந்து போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்திருக்கும்போதே அது போய்விட்டது. ஐம்பத்தைந்து வயது மனிதர் வாய்விட்டு அழுதார். மனைவி தடுக்கவில்லை, அவளும் அழுதாள்.

ஏழு குட்டிகளுக்கும் சொட்டு சொட்டாகப் பால் புகட்டினார்கள். எதையும் காப்பாற்ற முடியாது என்று டாக்டரம்மா சொல்லியும் விடவில்லை. ஐந்து போயின, இரண்டு பிழைத்தன. இரண்டும் பெண். யாரிடமும் எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் கேட்கவில்லை, பெட்டியும் எடுக்கவில்லை.

குட்டிகளுக்கு ஆறு மாதம் முடிந்த புதன்கிழமை, இரண்டையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண், மடியில் துறுதுறுவென்று ஒரு பெண்குட்டி. தடுப்பூசிக்கு வந்திருக்கிறாள். கம்பவுண்டர் போகிற போக்கில், "அப்படியே ஆபரேஷனுக்கும் தேதி வாங்கிக்கோங்கம்மா" என்றார்.

"ஐயோ, இதுக்கா? சின்னக் குழந்தைங்க. ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே, பாவம்."

பைண்டர் திரும்பினார். யாருக்கும் புத்தி சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். வார்த்தை தடுமாறித்தான் வந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நானும் இதையேதான் சொன்னேன். நான் பாவம் பாவம்னு சொல்லிட்டு வீட்ல உக்காந்திருந்தேன். அது பெத்துப் பெத்துச் செத்துப்போச்சு. அது பெத்த குட்டிங்கள நானே கொண்டுபோய்ச் சந்தையில விட்டேன். எத்தனைன்னு இப்ப எண்ணிப் பார்க்கவே பயமா இருக்கு. வண்டியில அடிபடறதுக்கும் பட்டினி கிடக்கறதுக்கும் ஒரு உயிரைப் பொறக்க விட்டுட்டு, அதுக்கு இரக்கம்னு பேர் வைக்கக்கூடாதும்மா. வளர்க்க முடியாத குட்டி பொறக்காம பார்த்துக்கறதுதான் இரக்கம். அதுவும் காலத்துல பண்ணணும். அழுதுட்டு வந்தா டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்தப் பெண் மடியிலிருந்த குட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து, தேதி கேட்பவர்களின் வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் இருபது பேர் இருந்தார்கள்.