ஏழாவது வரி

கதவைக் கழற்றாமல் குளிர்பெட்டி உள்ளே போகாது என்று வாசலில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, அவன் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து நிலைவாசலை அளந்தான். பிறகு பெட்டியை அளந்தான். பிறகு மறுபடியும் நிலைவாசலை அளந்தான். நகராட்சியில் ஜூனியர் இன்ஜினியர். பதினோரு வருஷமாக அளப்பதுதான் பிழைப்பு.

“ரெண்டு இஞ்ச் மிச்சமிருக்கு. கைப்பிடிய மட்டும் கழட்டுங்க, போதும்.”

சொன்னபடியே பெட்டி உள்ளே போனது. அத்தான் இருந்திருந்தால், “இந்தத் தடவையாவது சரியா அளந்தியே மாப்ளே” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருப்பார். அத்தான் முன்னறைக் கட்டிலில், மேல் பொத்தான் வரை போட்ட சலவைச் சட்டையோடு, யாரையும் கிண்டல் செய்யாமல் படுத்திருந்தார். காலையில் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவியிருக்கிறார். அக்கா தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. சேர்மன் தேர்தலுக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

அத்தானுக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. “இந்த ஊர்ல யாருக்கு எது கண்ணுக்குத் தெரியலைன்னு என்னைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?” என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். மற்றவர்கள் முப்பது வாக்குறுதி, நாற்பது வாக்குறுதி என்று அள்ளிவிட, இவர் நோட்டீசில் மூன்றே மூன்று. நகராட்சி செய்யும் ஒவ்வொரு வேலையிலும் அதைச் செய்தவர் பெயர் எழுதி வைக்கப்படும். மன்றக் கூட்டம் வேலைக்குப் போகிறவர்களும் வந்து கேட்கும்படி சாயங்காலத்தில், கதவைத் திறந்து வைத்து நடக்கும். பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்கு தையல், தச்சு, வெல்டிங் செய்கிறவர்களுக்குத் திறந்துவிடப்படும். “காலைல ஏழு மணி பஸ்ல பிழைப்புக்கு வெளியூர் போற கூட்டத்துல நாப்பது பேராவது இங்கயே நிக்கணும். அதான் வளர்ச்சி. மத்ததெல்லாம் பெயின்ட்டு” என்பார். கைதட்டல் அவ்வளவாக வராது. அத்தானுக்கு அதில் வருத்தமில்லை. கொட்டாவி விட்டவர்களைக் கூட்டம் முடிந்ததும் தேடிப் போய், “எந்த இடத்துல தூக்கம் வந்துச்சு?” என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்.

நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தவனை அக்கா உள்ளே கூப்பிட்டாள். அழுது ஓய்ந்து, முகம் கழுவி, ஏதோ வேலையாக நிற்பவள் போல நின்றாள்.

“மணி என்னடா?”

“பத்தரை.”

“நாலு மணிக்கு லிஸ்ட்டு ஒட்டணும்.”

அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோனான். “இன்னைக்கா?”

“இன்னைக்குத்தான். வியாழக்கிழமை, நாலு மணி, மார்க்கெட் சுவர்னு நோட்டீஸ்ல போட்டிருக்காருல்ல.”

“அவரே இல்ல. யாருக்கா வந்து கேக்கப் போறாங்க?”

“யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்காக? சொன்ன நேரம் தவறக் கூடாதுன்னு முப்பது வருஷமா என் உயிர எடுத்தாரு. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாலும் முக்கால் மணி முன்னாடியே போயி, காலி தியேட்டர்ல என்னை உக்கார வெச்சு ஃபேனை எண்ணச் சொல்லுவாரு.” சொல்லிக்கொண்டே வந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அலமாரி மேலிருந்த காகிதச் சுருளை எடுத்து அவனிடம் நீட்டினாள். “நீ போய் ஒட்டிட்டு வா. பொண்ணு வந்து சேர ஆறு மணி ஆகும். அடக்கம் நாளைக்குத்தானே.”

“நானா?”

“எனக்கு வேற யாரு இருக்கா?”

சுருளுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் மூன்று வாரமாக இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஊரில் கோணலாய்ப் போன நகராட்சி வேலைகள் இருபத்தொன்றை அத்தான் பட்டியல் போட்டிருந்தார். ஃபைலிலிருந்து பெயரை உருவி எழுதுவது அவர் வழக்கமில்லை. சம்பந்தப்பட்ட ஆளின் முன்னால் போய் உட்கார்ந்து, “இது நீங்க செஞ்சதுதானே?” என்று நேராகவே கேட்பார். ஒப்புக்கொண்டால் பெயர், அதைச் சரிசெய்ய அவரே சொல்லும் நாள். மறுத்தால் பதவியை மட்டும் எழுதி, பக்கத்தில் ‘சொல்ல மறுத்தார்’. அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சானிடமே கேட்டார்.

“ஏழாவது, இஸ்திரிக் கடைத் தெருச் சாக்கடை. அது யாரு மாப்ளே?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க அத்தான்.”

“தெரியும். நீயா சொல்லணும்னுதான் கேக்கறேன்.”

அந்தத் தெருமுனையில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவரின் உயரத்தை வைத்துத்தான் அந்தப் பக்கத்தில் எந்த வேலைக்கும் மட்டம் எடுப்பார்கள். நடுவில் யாரோ அந்தச் சுவரை இடித்து, ஒரு அடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். அவன் அதைப் போய் அளக்காமல் ஃபைலில் இருந்த பழைய உயரத்தையே எடுத்துக்கொண்டான். அன்றைக்கு நல்ல மழை. அடுத்த வாரம் ஒரு நடை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான். அடுத்த வாரம் வரவேயில்லை. சாக்கடை கட்டி முடித்து மூடிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. பாலத்துப் பக்கம் சாக்கடை ஒரு அடி மேடாகிப்போக, தண்ணீர் பாலத்துக்குப் போகாமல் தெருவுக்கே திரும்பி வந்தது.

“பேர் வந்தா என் வேலை போயிரும்.”

“போகாது. நான் சேர்மனானா போக விட்டுருவேனா?”

“சொந்தக்காரனுக்குச் சலுகை. நீங்க ஒழிக்கறேன்னு மேடை போட்டுப் பேசறது இதத்தானே?”

அத்தான் சோற்றுக் கையோடு அப்படியே அவனைப் பார்த்தார். பிறகு புரையேறும் வரை சிரித்தார். “அடியே, உன் தம்பி என்னை மடக்கிட்டான் பாரு! எலெக்‌ஷன்ல இவன்தான் நிக்கணும்!”

அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. “உங்க தேர்தலுக்கு நான் படிக்கட்டு இல்ல” என்று கையை உதறிவிட்டு எழுந்து போனான். அத்தானிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு அது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், வேலைக்கு மனுப்போட்டபோது நான்கு நாள் கூடவே அலைந்தவர். அவரிடம் சொல்ல எத்தனையோ இருக்க, இதுதானா வாய்க்கு அகப்பட்டது என்று காலையிலிருந்து மனதுக்குள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்.

பின்னறைக்குப் போய்ச் சுருளைத் தரையில் விரித்தான். அத்தானின் குண்டு குண்டான கையெழுத்து. முதல் வரியில் அவர் பெயரே இருந்தது: வார்டு உறுப்பினராக இருந்தபோது, பார்க்காமலே கைதூக்கி வாங்கிய தெருவிளக்குகள். அவன் அடுத்த வரிகளைப் படிக்கவில்லை. விரல் நேராக ஏழுக்குப் போனது. தன் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் ‘சொல்ல மறுத்தார்’ என்று இருக்கும். இரண்டில் எது இருந்தாலும் தாங்கிக்கொள்ள மனதைத் தயார் செய்திருந்தான்.

இரண்டும் இல்லை. பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. எழுத்து கோணாமலிருக்க மெல்லிசாகப் போட்ட பென்சில் கோடு மட்டும் இருந்தது.

அக்கா பின்னால் வந்து நின்றிருந்தாள். “அந்த ஒரு இடத்த விட்டு வெச்சிருந்தாரு. ‘மறுத்தார்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானே’ன்னு நானே சொன்னேன். ‘அவன் எங்க மறுத்தான்? கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான். ரெண்டும் ஒண்ணா? வருவான் பாரு’ன்னாரு. நேத்து சாயங்காலம் வரைக்கும், வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எழுந்து எழுந்து போய்ப் பாத்தாரு.”

அவன் தரையில் உட்கார்ந்தபடியே அழுதான். காலையிலிருந்து பெட்டி, நாற்காலி, பந்தல் என்று ஓடி ஓடித் தள்ளிப்போட்டிருந்த அழுகை. அக்கா அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தாளில் கண்ணீர் விழுந்துவிடப் போகிறது என்று அவள்தான் அதை எடுத்துச் சுருட்டினாள்.

மூன்று மணிக்கு இப்போதைய சேர்மன் வந்தார். மலர்வளையம் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை. எதிர்த்து நின்றாலும் அத்தானைப் பிடிக்காதவர் அந்த ஊரில் குறைவு. போகும்போது அவனைத் தனியே அழைத்தார்.

“லிஸ்ட்டு ஏதோ ஒட்டறதா இருந்துச்சு. மனுஷனே போயிட்டாரு, இனிமே அது எதுக்கு? நாலு பேர் மனசு சங்கடப்படும். அடுத்த மாசம் உன் புரமோஷன் ஃபைல் வேற என்கிட்ட வருது.” தோளில் தட்டிக்கொடுத்தார். மிரட்டல் என்று சொல்ல முடியாது. பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் தர்மசங்கடம்.

“பாக்கறேன் சார்” என்றான்.

பசை வாளியும் சுருளுமாக மார்க்கெட்டை நோக்கி நடக்கும்போது அவனுக்கு எல்லாமே சுலபமாகத் தெரிந்தது. அப்படியே ஒட்டிவிடலாம். அக்கா கேட்டது ஒட்டச் சொல்லித்தான், எழுதச் சொல்லவில்லை. ஏழாவது வரியில் பெயர் இல்லையென்றால், பாவம், எழுதுவதற்குள் போய்விட்டார் என்பார்கள். வேலையும் தப்பும், புரமோஷனும் தப்பும். ஆனால் அந்தச் சாக்கடை யார் கட்டியது என்பது என்றைக்காவது வெளியே வரத்தான் போகிறது. வரும்போது, ‘பார்த்தியா, மச்சான் பேரை மட்டும் விட்டுட்டார். கடைசியில் இவரும் அந்த ரகம்தான்’ என்று சொல்வார்கள். அதற்குப் பதில் சொல்ல அத்தான் இருக்க மாட்டார். இது உறைத்ததும் அவன் நடை கொஞ்சம் மெதுவானது.

மார்க்கெட் சுவரருகே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் போனான். இருபது, இருபத்தைந்து பேர் நின்றிருந்தார்கள். சாவுச் செய்தி கேட்டு வந்தவர்களா, பட்டியல் பார்க்க வந்தவர்களா என்று அவர்களுக்கே தெரியாதது போல நின்றிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் வழி விட்டார்கள். யாரோ ஒருவர் சுருளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவன் சுவரில் பசையைத் தடவி, தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டான். நான்கு மணி ஆக இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து ஏழாவது வரியில், அப்பா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து, தன் பெயரை முழுசாக எழுதினான். ஈரத் தாளில் மை லேசாகப் பரவியது. இருந்தாலும் படிக்க முடிந்தது.

ஜனங்கள் நெருங்கி வந்தார்கள். இஸ்திரிக் கடை நடத்தும் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். அவருக்கு அந்தப் பெயர் யாரென்று தெரியவில்லை.

“எங்க தெருவுக்கு இது யாரு தம்பி?”

“நான்தாம்மா.”

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ஒவ்வொரு மழைக்கும் துணி மூட்டையெல்லாம் கட்டில் மேல ஏத்திட்டு ராத்திரி பூரா உக்காந்திருக்கேன். தெரியுமா உனக்கு?”

“தெரியாதும்மா. போய்ப் பாக்காமயே மட்டம் போட்டுட்டேன். என் தப்புதான்.”

“சரி பண்ண முடியுமா, முடியாதா?”

“முடியும். பாலத்துக்கிட்ட உடைச்சு எறக்கிக் கட்டணும். எட்டு நாள் வேலை.”

“எப்ப?”

அவன் சுவரைப் பார்த்தான். அந்த வரியின் கடைசிக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஆள் பிடிக்க வேண்டும், சாமான் வர வேண்டும், சேர்மனிடம் நிற்க வேண்டும். பிறகு சுவரில் பேனாவை வைத்து ஒரு தேதியை எழுதினான். அம்மாள் அதையும் கூட்டிப் படித்தார்.

கை முழுக்கப் பசையாக இருந்தது. துடைக்க எதுவுமில்லாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அம்மாள் சாலையைக் கடந்து தன் கடைக்குப் போய், துணிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் வாளியையும் ஒரு குவளையையும் எடுத்து வந்தார்.

“கையக் காட்டு.”

காட்டினான். அவர் ஊற்றினார். பசை அவ்வளவு லேசில் போகவில்லை. இன்னொரு குவளை மொண்டு ஊற்றினார்.