ஒரு காதை மூடிக்கொள்ளுங்கள்

பெற்றோர் ஒருவர் எழுதிய புகார்க் கடிதத்தோடு தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தாள். "என் மகள் ஒன்று கேட்டால், இயற்பியல் ஆசிரியை வேறொன்று சொல்கிறார்" என்பது புகார். கல்லூரிக் காலத்துத் தோழி என்ற உரிமையில் அந்த ஆசிரியையைக் காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

"இன்னிக்கு ஒழுங்கா எடுத்துக் காட்டுடி. இல்லேன்னா உன்னை நூலகத்துக்கு மாத்துறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

"வாயைத் திறந்து பேசத் தெரியாததுங்களுக்கு நீ வக்காலத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆசிரியை வகுப்புக்கு வந்தாள். இருபத்தாறு ஆண்டாகச் சாக்பீஸ் பிடிக்கிறவள்.

கரும்பலகையில் 'ஒலிக் குறுக்கீடு' என்று எழுதினாள். பாடநூல் அந்த 'க்'கை விழுங்கியிருந்தது. "ஒற்றைத் தின்னவன் நாளைக்கு விதியையும் தின்பான்" என்று நூலாசிரியரை ஒரு பிடி பிடித்துவிட்டு மேசையைக் காட்டினாள். ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஒலிபெருக்கிகள். இரண்டுக்கும் ஒரே சுருதி.

"ரெண்டு அலையும் மேட்டோட மேடு சேர்ந்தா சத்தம் கூடும். மேடும் பள்ளமும் சேர்ந்தா அடங்கிடும். குறுக்க நடந்தா நீங்களே கேக்கலாம். ஆனா ஒரு காதை மூடிக்கணும். ஏன்?"

"ரெண்டு காதும் ரெண்டு இடத்துல இருக்கு டீச்சர்" என்றாள் முதல் வரிசை மாணவி. "ஒண்ணு கூடுற இடத்துல இருந்தா இன்னொண்ணு அடங்குற இடத்துல இருக்கும்."

"அதேதான். ஒரே தலையில ரெண்டு கட்சி."

வகுப்பு சிரித்தது. வழக்கமாகப் பிள்ளைகளைத்தான் நடக்கவிடுவாள். இன்று தோழி பார்க்கிறாள் என்ற வீம்பில் தானே இறங்கினாள். வலக்காதை விரலால் அடைத்துக்கொண்டு ஆய்வக உதவியாளருக்குத் தலையசைத்தாள்.

ஓரத்திலிருந்து நடுவரை நடந்தாள். எங்கோ ஒரு கொசு பாடுவதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

"ஒயரை மாட்டினீங்களா இல்லையா அண்ணே? கூட்டி வைங்க."

உதவியாளர் குமிழைத் திருகினார். அதே கொசு.

"இன்னும்."

முதல் வரிசைப் பிள்ளைகள் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் தோழியின் முகம் சுளித்தது. ஆசிரியை விரலை எடுத்தாள். மடை உடைந்ததுபோல் ஊளை உள்ளே பாய்ந்தது. இடக்காதை அடைத்துப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. எடுத்தாள், மறுபடி அடைத்தாள். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?

உதவியாளர் ஒலியைக் குறைத்துவிட்டு அவளுடைய வலப்பக்கமாக வந்து நின்றார்.

"பிள்ளைங்களுக்குத் தெரியும் டீச்சர். வருஷ ஆரம்பத்திலேருந்தே சந்தேகம்னா இந்தப் பக்கமா வந்துதான் கேக்குதுங்க. நடுவுல சேர்ந்த பொண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லல."

'இடப்பக்கம் என்ன முள்ளா முளைச்சிருக்கு?' என்று அந்தப் பிள்ளைகளை அவள் எத்தனை நாள் விரட்டியிருக்கிறாள்!

மூன்றாம் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த புது மாணவியை அழைத்தாள். "நீ நடம்மா. சத்தம் அடங்குற இடத்துல கையைத் தூக்கு."

அவள் கை தூக்கிய இடங்களில் ஆசிரியை குனிந்து தரையில் கோடிட்டாள், தூரத்தை அளந்தாள், அலைநீளத்தைப் பலகையில் கணக்கிட்டாள். விடை சரியாக வந்தது. "புரியுதா?" என்று கேட்டபோது மணி அடித்தது, பெஞ்சுகள் உராய்ந்தன. நாற்பது வாய்கள் அசைந்தன. புரியுது என்றாலும் புரியல என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் குவிகிறது. அவள் மறுபடி கேட்கவில்லை.

பிள்ளைகள் போனபின் தோழி வந்து தோளைப் பிடித்தாள்.

"இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதிக்கிறேன். காதுக்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டிக்கோடி, சரியாப் போயிடும்."

"மாட்டிக்கிறேன். ஆனா அந்தப் பொண்ணு இத்தனை நாளா எங்கிட்ட என்ன கேட்டா? எனக்குத் தெரியாதே. நான்பாட்டுக்குப் பதில் சொல்லிட்டே இருந்திருக்கேன். கேள்வியே காதுல விழாம சொன்னா அது பாடமாடி? நூலகத்துக்கு மாத்துற உத்தரவை எழுது."

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களை உள்ளே வரச்சொல்ல வேண்டியது யார் என்று இருவருக்குமே தெரியவில்லை.