பெட்டிக்கு ஓர் இடம்

1.

இந்தக் கதை என்னிடம் சிரிப்பாகத்தான் வந்தது, கண்ணுகளா. வாலாஜாபாத் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரி சொன்னாள்: "கேட்டியா பெரிம்மா, பாட்டுப் பொட்டிய முன்னாடி குந்த வச்சிட்டு, பெத்த அப்பன வாழத்தாரோட பின்னாடி ஏத்திகினு வந்தான் ஒருத்தன்." நானும் சிரித்தேன். (ஒரகடம் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தேன். பொய். இறங்கும்வரை சிரித்தேன்.) வீட்டுக்கு வந்து இன்னொருத்தியிடம் சொல்ல வாயைத் திறந்தபோதுதான், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் போயிற்று.

இது தொண்ணூற்றொன்று. எங்கள் பக்கத்து ஊரில் குண்டு வெடித்து, அதன் பெயரை இந்த வருஷம் உலகமே சொல்லிவிட்டது. அதை எழுத எனக்குத் தெம்பில்லை. ஒரு கல்யாண வண்டியைப் பற்றி எழுதுகிறேன்.

2.

முதல் ஆரம்பம்: ஆவணி மாதத்து முகூர்த்த நாள். காலைக் காற்றில் மல்லிகை

(நிறுத்திவிட்டேன். காற்றும் மல்லிகையும் இந்தக் கதையில் ஒரு தப்பும் செய்யவில்லை.)

இரண்டாவது: குமாரவேல் ஒரு பாவி.

(இதுவும் வேண்டாம். பாவி என்று முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கு வேலையே இல்லை.)

மூன்றாவது: வண்டிக்குள் இடம் தேடினார்கள்.

இதுதான். குமாரவேலிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. வாரமெல்லாம் தக்காளியும் செங்கல்லும் ஏற்றுவான். தங்கை மோகனப்ரியாவுக்குச் சேரப்பணஞ்சேரியில் மாப்பிள்ளை. சீர்வரிசையை அவன் வண்டியில்தான் கொண்டுபோவது. அந்தத் தெருவுக்குள் பாட்டோடு நுழைய வேண்டும் என்று ஆசை. மேலே குழாய் ஸ்பீக்கர் கட்டினால் வழியில் போலீஸ் நிறுத்தும் என்றார்கள். அதனால் கதவுகளில் ஸ்பீக்கர், வண்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர்*.

* பாட்டைப் பெரிதாக்கும் பெட்டி. இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவு. சூடாகும், காற்றுப்பட வேண்டும். அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது.

படப்பையில் டில்லிபாபுவின் கடை. வண்டிகளுக்கு ஒயரிங் செய்பவன்.

"சீட்டு அடியில வச்சா?"

"அங்க பேட்டரி கீதுண்ணே. ரெண்டும் சூடு. கண்ணாலத்துக்குப் போற வண்டி நேரா மேல போயிடும்."

"சீட்டுக்குப் பின்னால?"

"கைய வுட்டுப் பாரு. உன் சீப்புதான் நுழையும்."

"பின்பக்கம், லோடோட?"

"பீரோ இடிச்சா யாரு ஜவாப்பு? நீயா, பீரோவா?"

டில்லிபாபு இடது பக்கக் கதவைத் திறந்தான். சீட்டுக்கு முன்னால், தரையில், தாராளமாக இடம் கிடந்தது. ரப்பர் பாய் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்றிருந்தது.

"இன்னாண்ணே, வண்டியெல்லாம் தேடறோம். இங்க காலியாத்தான கீது?"

குமாரவேல் அந்த இடத்தைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "காலிதான்."

நீங்களும் பார்த்தீர்கள். காலிதானே?

3.

இப்போதுதான் எல்லப்பனைக் கொண்டுவருகிறேன். குமாரவேலின் அப்பா. சூளையில் செங்கல் சரிந்து விழுந்ததிலிருந்து வலது முழங்கால் மடங்காது. குமாரவேல் அப்போது கைக்குழந்தை. வண்டி வாங்கிய நாள்முதல் இடது சீட்டு அவருடையது. அவர் காலை நீட்டிக்கொள்ளும் இடம் அந்தத் தரை. பெட்டி வைக்க இடம் தேடிய அன்று அவர் வண்டியில் இல்லை. அதனால் காலியாக இருந்தது.

முதலில் அவரைச் சாதுவாக எழுதினேன். ஒன்றும் பேசாமல் கண் கலங்குகிறவராக. கடலை உடைக்கும் இடத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். லூர்தம்மாள் கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டாள்.

"இன்னா பெரிம்மா, அந்தாள சிலையாட்டம் நிக்க வச்சிட்ட? வாயில்லையா அவருக்கு? செங்கல் கால்லதான வுழுந்துது?"

வெட்கமாகப் போய்விட்டது. நல்லவரென்றால் ஊமையாக்கிவிடுவது எனக்கு வசதி. திருத்தி எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று பெண்ணும் பெண்டுகளும் முதல் வேனில் போய்விட்டார்கள். எல்லப்பன் புது வேட்டியோடு வந்து இடது கதவைத் திறந்தார். தரையில் பெட்டி. சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டியைக் கவனித்துக்கொள்ள டில்லிபாபு சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய் குமாரு, இது யாரு? சம்பந்தியா? எனக்கு முன்னாடியே சொகுசா வந்து குந்திகினு கீது?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டார். டில்லிபாபு சிரித்தான்.

குமாரவேல் சிரிக்கவில்லை. "நைனா, கால கொஞ்சம் மடக்கினு..." என்றான்.

(இந்த வரியை அழித்து அழித்துப் பார்த்தேன். அவன் அதைச் சொல்லத்தான் செய்கிறான்.)

"மடங்குனா மடக்க மாட்டனாடா?" என்றார் எல்லப்பன். உடனே குரலை மாற்றிக்கொண்டார். "வுடு. பின்னாடி காத்து வரும். பீரோ ஆடாம புடிச்சிக்கிறேன்."

கதவைச் சாத்தினார். பெட்டி அதிராதபடி, மெதுவாக.

4.

சேரப்பணஞ்சேரித் தெரு. டில்லிபாபு இரண்டு கதவுகளையும் திறந்து விட்டான். பாட்டு வீட்டுச் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. குமாரவேல் முகத்தில் ஒரு சந்தோஷம். அதை அவனிடமிருந்து பிடுங்க மாட்டேன். இருக்கட்டும்.

அவர்கள் வழக்கத்தில், சீரின் முதல் தட்டைப் பெண்ணைப் பெற்றவன் கையால் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றது இறங்கும். ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் பரசுராமன், நிச்சயதார்த்தத்துக்கு வராதவர், அவசரக்காரர். வண்டியின் பின்னால் காலை நீட்டியபடி, வேட்டியெல்லாம் வாழைக்கறையாக ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"யோவ் பெருசு! இன்னா மாமனார் வூட்டு விருந்துக்கு வந்தாப்ல கால நீட்டிகினு கீற? கூலி வாங்கல? அந்தத் தார எறக்குயா. மத்தத அப்பால பாக்கலாம்."

எல்லப்பன் திரும்பிப் பார்த்தார். பின் கண்ணாடி வழியாக மகனின் பிடரி தெரிந்தது. முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் அவன் கண்கள்.

'நான்தாங்க பெண்ணோட அப்பா' என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் அடுத்த கேள்வி வருமே: பெண்ணோட அப்பா ஏன் லோடோடு வந்தார்? அந்தக் கேள்வி அவரிடம் வராது. ஸ்டியரிங் பக்கம் போகும்.

"தோ எறக்கறேன், சாமி," என்றார்.

தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மடங்காத காலை இழுத்தபடி விளிம்புக்கு நகர்ந்தார். பரசுராமன் சந்தனக் கிண்ணத்தோடு முன்பக்கம் வந்தார்.

"பாட்டு ஜோரு, தம்பி! மொதல் தட்டுக்கு நேரமாவுது. பொண்ணோட அப்பா எங்க? கூப்புடு!"

5.

முடிவுகள்.

லூர்தம்மாள் கேட்டது: குமாரவேல் குதித்திறங்கி, நடுத்தெருவில் அப்பன் காலில் விழுகிறான். எழுதிப் படித்தேன். எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். ஆனால் விழுந்தவனைத் தூக்க அவர் குனிய வேண்டும். அந்தக் காலோடு எப்படிக் குனிவார்? மறுபடியும் அவருக்குத்தான் வேலை.

இன்னொன்று: பெட்டி புகைந்து தானே நின்றுவிடுகிறது. டில்லிபாபு கோபித்துக்கொள்வான். அவன் வைத்த பெட்டி புகையாது. மனிதனுடைய வெட்கத்தை மின்சாரத்தின் தலையில் கட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று: "பின்னாடி வந்துகினு கீறாரு," என்கிறான் குமாரவேல். எல்லப்பன் தாரை இறக்கி வைத்து, சந்து வழியாகப் போய், கறையைத் துண்டால் மறைத்துக்கொண்டு, அப்போதுதான் வந்தவர்போல வருகிறார். கல்யாணம் நன்றாக நடக்கிறது. நடந்தது இதுவாகத்தான் இருக்கும். இதை எழுதும்போது கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. அதனால்தான் கிழித்துப் போட்டேன்.

6.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். பரசுராமன் விரல் சந்தனத்தில் இருக்கிறது. எல்லப்பன் தோளில் தார். சின்னக் கண்ணாடியில் மகனைப் பார்த்து, வேண்டாம், சொல்லாதே என்று தலையை ஆட்டுகிறார். குமாரவேல் சொல்ல வேண்டியது 'நைனா' என்ற ஒரே வார்த்தை. அது யார் காதிலாவது விழ வேண்டுமென்றால் முதலில் பாட்டைக் குறைக்க வேண்டும். அவன் கை வால்யூம் திருகுக்கு அருகில் போய் நிற்கிறது.

நான் திருக மாட்டேன்.

உன் கதையை நீதானே முடிக்க வேண்டும் என்பீர்கள். இரண்டாம் பகுதியில், கதவு திறந்தபோது, ஒரு குதிகால் தேய்த்த பாயை உங்கள் முன்னால் வைத்தேன். காலிதானே என்று கேட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்ட எனக்கும் அது அழகில்லை.

வாருங்கள், இடது பக்கம் ஏறுங்கள். டில்லிபாபு கொஞ்சம் நகர்ந்துகொள்வான். காலை மடக்கிக்கொள்ள முடிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. திருகு உங்கள் கைக்கு எட்டும்.

தார் கனம், கண்ணுகளா. சீக்கிரம்.