ஈஸ்டர் ரொட்டியில் இரண்டு துண்டு

…இரண்டு துண்டா, மூன்றா? முதலில் ஒன்று, அப்புறம் தம்பி முகத்தைப் பார்த்து இன்னொன்று, பிறகு தட்டுக் கழுவும்போது உதிர்ந்து கிடந்த கசகசாவை விரலால் ஒற்றி ஒற்றி வாயில் போட்டோமே, அதுவும் சேர்த்தியா? டார்லா பிளாஸ்டிக் கோப்பையைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டாள். மறைக்க என்ன இருக்கிறது, இந்த அலுவலகத்தில் காத்திருக்கும் எல்லோர் கையிலும் இதே கோப்பைதான். உதவிப்பணம் கேட்டு வந்தால் சிறுநீர் கொடுக்க வேண்டும், புதுச் சட்டம். போதை மருந்தின் சாயல் தெரிந்தால் மூன்று மாதத்துக்கு ஒன்றும் கிடையாது. அதுவரை கேசிக்கு எதைப் பொங்கிப் போடுவது? ஆறு வயதுக் குழந்தைக்குச் சட்டம் புரியுமா, பசிதானே புரியும்… ஐயோ, போயும் போயும் நேற்றா அந்த ரொட்டியைத் தின்ன வேண்டும்!

பத்து மாதமாகிறது தம்பி வெஸ்லி போதை மருந்தைத் தொட்டு. சுரங்கத்தில் முதுகு போனபோது டாக்டர் கொடுத்த மாத்திரையில் தொடங்கியது, எங்கெங்கோ போய் நின்றது… நேற்று விடிகாலையிலேயே எழுந்து மாவு பிசைந்தான், அம்மா ஒவ்வொரு ஈஸ்டருக்கும் செய்த ரொட்டி, கசகசாவை அரைத்துப் பாலும் சர்க்கரையுமாகக் காய்ச்சிப் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டிச் சுட்டு… தட்டில் வைத்து நீட்டினான். “நல்லாருக்காக்கா? பொய் சொல்லாத.” “நீ ஏண்டா திங்கல?” “வியாழக்கெழம எனக்கு டெஸ்ட் இருக்குல்ல. கசகசா தின்னவன் யாரு, ஊசி போட்டவன் யாருன்னு அந்த மிஷினுக்குத் தெரியாதுக்கா!” சிரித்தான், இவளும் சிரித்தாள். எப்படி உறைக்காமல் போனது? டெஸ்ட் என்பது போதையிலிருந்து மீள்கிற அவனுடையது, தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத தனக்கும் அதற்கும் என்ன… அவனிடமே வேலைக்கு இன்டர்வியூ என்றல்லவா புளுகி வைத்திருந்தாள். சொல்லியிருந்தால் தட்டையே பிடுங்கியிருப்பான்.

பெயரைக் கூப்பிட்டார்கள். “பைய வெளியவே வை கண்ணு. கொழாயத் தொறக்காத, நான் கதவுகிட்டயே நிப்பேன்,” என்றாள் நர்ஸ். நேற்றுக் கசகசா ரொட்டி சாப்பிட்டேன் என்றதற்கு, “ஈஸ்டர் முடிஞ்சா எல்லாரும் அதத்தாம்மா சொல்றாங்க,” என்று சலித்துக்கொண்டாள். வேறொரு நாள் வரட்டுமா? “இன்னைக்குத் தரலன்னா மாட்டேன்னதாத்தான் எழுதணும்.” உள்ளே கழிப்பறைத் தண்ணீரில் நீலச்சாயம், யாரும் அதை அள்ளிக் கலந்துவிடக் கூடாதாம். வெளியே செருப்புச் சத்தம். சிறுநீர் வரவே மாட்டேன் என்கிறது… வாராவாரம் வெஸ்லியும் இப்படித்தானே நிற்கிறான், பிறகு வீட்டுக்கு வந்து ஒன்றுமே நடக்காததுபோலக் கேசிக்கு அப்பம் சுடுகிறான்.

முடிவு வெள்ளிக்கிழமைதான் தெரியுமாம். வாசலில் வண்டியோடு அவன். “இன்டர்வியூ என்னாச்சு? பசிக்கும்னு ஒரு துண்டு கொண்டாந்தேன்.” ஏறி உட்கார்ந்ததும் வெள்ளித்தாள் பொட்டலம் மடியில் கனத்தது. சொன்னால் உடைந்துபோவானே, தன் ரொட்டியால்தான் என்று பழையபடி… சொல்லாமல் விட்டுவிடலாமா? ஆனால் டெஸ்ட் என்ற சொல்லை அவன் சாப்பாட்டு மேசையில், குழந்தை முன்னால், எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

“இன்டர்வியூ இல்லடா. எனக்கும் டெஸ்ட்.”

அவன் முகம் வெளிறியது. பொட்டலத்தை மெதுவாக எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். “எத்தன துண்டுக்கா சாப்பிட்ட?”

“ரெண்டு. பெருசு.”

வண்டியைக் கிளப்பினான். “உனக்குக் கசகசாதான் உசிருன்னு… மூதி, மொதல்லயே சொல்றதுக்கென்ன?” சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “வெள்ளிக்கெழம நானும் வர்றேன், வந்து நாந்தான் செஞ்சேன்னு சொல்றேன். அடுத்த ஈஸ்டருக்கு அக்ரூட் பருப்பு வெச்சு செய்வோம். ரெண்டு பேரும் திங்கலாம்.”

அம்மா எப்போதும் இரண்டும் செய்வாள், கசகசா ஒன்று, அக்ரூட் ஒன்று. டார்லாவுக்கு எது பிடிக்கும் என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவனுக்கு எது பிடிக்கும்? கசகசாவா, அக்ரூட்டா… எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.