ஜோசப்பின் கண்டெடுத்த நாலாவது புள்ளி

ஊசிமலைத் தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் பதவி வரிசையில் நான் மூன்றாவது ஆள். மொத்தமே மூன்று பேர்தான் என்பதை யாரும் கேட்டாலொழிய நான் சொல்வதில்லை. முதலாமவர் கந்தப்பளையைச் சேர்ந்த றோலண்ட் ஐயா, ரசாயனத்தில் பெரிய படிப்புப் படித்தவர். இரண்டாவது ஜோசப்பின். மூன்றாவது அழகுமுத்துவாகிய நான். குப்பிகளைக் கழுவுவேன், மலையிலிருந்து கொழுந்து கொண்டு வருவேன், அடுப்பைப் பற்றவைப்பேன், பெரிய மனிதர்கள் வந்தால் கதவோரமாக விஞ்ஞானி மாதிரி நிற்பேன். கடைசி வேலையை மட்டும் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. ஜோசப்பின் மேற்கணக்கு லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அவளுடைய அப்பா வியாகுலம் தேயிலை ஸ்டோரில் அரைக்கிற மெஷினோடு மல்லுக்கட்டி முதுகு வளைந்தவர். அவள் அட்டனில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்புக்குப் போய் பட்டம் வாங்கிக்கொண்டு, அறுபத்திரண்டாம் வருஷம் வெள்ளைக் கோட்டு மாட்டி அதே தோட்டத்துக்கே திரும்பி வந்தாள். லயத்தில் பிறந்து அந்தக் கோட்டைப் போட்ட முதல் ஆள் அவள்தான். ஆய்வுக்கூடத்துக்குள் அவளை நான் 'மிஸ்' என்பேன், வெளியே 'புள்ள' என்பேன். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் குழம்பி ஒருநாள் றோலண்ட் ஐயாவையே 'புள்ள' என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் பெருந்தன்மையாக 'என்ன?' என்று கேட்டார்.

அவளுக்கு அது தவணை வேலைதான். ஆறு மாதம் முடிகிறபோது கம்பனியின் பெரிய விஞ்ஞானி டொக்டர் கார்ஸ்வெல் லண்டனிலிருந்து வருவார். அவர் பார்த்துத் திருப்திப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு லயத்துக்குப் போக வேண்டியதுதான். வியாகுலம் அந்தக் கையெழுத்துக்காகத் தலவாக்கலை மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன். இரண்டு பக்கமும் சொல்லி வைத்தாயிற்று.

வேலை என்னவென்றால், தேயிலைக்குள் என்னென்ன சாமான் இருந்து நிறத்தையும் ருசியையும் கொடுக்கிறது என்று கண்டுபிடிப்பது. கொழுந்தை ஸ்பிரிட்டில் காய்ச்சி, அந்தச் சாற்றில் ஒரு சொட்டைத் தடித்த காகிதத்தின் ஓரத்தில் வைப்பாள் ஜோசப்பின். பிறகு அந்தக் காகிதத்தைக் கண்ணாடித் தொட்டிக்குள் தொங்கவிட்டு, அடியில் காட்டமான ஒரு திரவத்தை ஊற்றுவாள். திரவம் காகிதத்தில் ஊறி மேலே ஏறும். கூடவே சாற்றிலிருக்கிற சாமான்களும் ஏறும். கூடை சுமந்து மலையேறுகிற பெண்கள் மாதிரி ஒவ்வொன்றும் தன் தெம்புக்கு ஏற்ற தூரம் போய் அங்கங்கே குந்திக்கொள்ளும். காகிதம் காய்ந்ததும் இருட்டறையில் ஒரு ஊதா விளக்கைப் போட்டுப் பார்த்தால், குந்திய இடமெல்லாம் புள்ளி புள்ளியாக மின்னும்.

எப்போதும் மூன்று புள்ளிகள்தான் மின்னும். மாசி மாதத்தில் ஒருநாள் நாலாவது ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இளம் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், பூனைக்கண் மாதிரி.

றோலண்ட் ஐயா அதைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். மறுபடி கழற்றி மாட்டினார். "அழகுமுத்து, இது உலகத்துல யாருமே பார்க்காத பொருளா இருக்கலாம்" என்றார்.

அவர் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார். அன்று சாயங்காலம் லிந்துலையில் பழனியாண்டியின் தேத்தண்ணிக் கடைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அந்த 'இருக்கலாம்' வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. "நம்ம வியாகுலம் மக தேயிலைக்குள்ள புதுசா ஒரு சாமான் கண்டுபிடிச்சிட்டா. வெள்ளைக்காரனுக்கே தெரியாத சாமான்!" என்றேன். பழனியாண்டி எனக்குத் தனியாகப் பால் ஊற்றி ஒரு டீ போட்டான். அடுத்த வாரம் கினிகத்தேனை பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவன், தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி சர்க்கரை வியாதிக்குத் தேயிலையில் மருந்து கண்டுபிடித்திருக்கிறாள் என்று எனக்கே விளக்கமாகச் சொன்னான். நான் வாயைப் பிளந்து கேட்டேன். என் பேச்சு என்னைவிட வேகமாகப் பிரயாணம் செய்திருந்தது.

றோலண்ட் ஐயா லண்டனுக்கு எழுதிப்போட்டார். தோட்டத்துப் பெயரையே அந்தப் பொருளுக்கு வைக்கலாமென்றும் சேர்த்து எழுதினார். ஜோசப்பினுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"கீழ்க்கணக்குக் கொழுந்துல மட்டுந்தான் சேர் அது வருது. மேக்கணக்குல ஏன் வரல?"

"மண்ணு வேற, அம்மா."

"மண்ணு வேறன்னா மார்கழியிலயும் வந்திருக்கணுமே?"

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டுட்டே இருந்தா ஒண்ணையும் கண்டுபிடிக்க முடியாது" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கார்ஸ்வெல் துரை செவ்வாய்க்கிழமை வருவதாகத் தந்தி வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வீரம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் கீழ்க்கணக்கில் கொழுந்து எடுப்பவள்.

"ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டுத் திரியிறீங்க. எங்க கையால எடுத்த கொழுந்துல இருக்கிற சாமான எங்களுக்குக் காட்டக் கூடாதா?"

"அது விஞ்ஞானம்டி."

"நீங்க பாக்கலாம், நான் பாக்கக் கூடாதா? நீங்க அங்க குப்பிதானே கழுவுறீங்க?"

எங்கள் வீட்டில் என்னுடைய மூன்றாம் நிலை எல்லோருக்கும் தெரியும்.

மாதா கோயிலில் பூசை கண்டு திரும்பியிருந்த ஜோசப்பினிடம் கேட்டேன். "கூட்டிட்டு வாங்க மாமா" என்றாள் உடனே. அவளுக்கும் அந்தப் புள்ளியை யாருக்காவது காட்டவேண்டும் போலிருந்தது.

வீரம்மாவோடு அடுத்த வீட்டுப் பூரணியும் இன்னும் ஐந்தாறு பெண்களும் வந்தார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம். எல்லோரும் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இருட்டறைக்குள் போனார்கள். நான் கதவைச் சாத்தினேன். ஜோசப்பின் விளக்கைப் போட்டாள்.

"இந்தா பாருங்க அக்கா, மேல இருக்கே, அதுதான் நாலாவது..."

அவள் கண் காகிதத்தை விட்டுப் பெண்கள் பக்கம் திரும்பியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று பூரணி கத்தினாள்.

இருட்டுக்குள் கைகள் மின்னின. உள்ளங்கை, விரல், நகக்கண் எல்லாம் இளம் பச்சையும் மஞ்சளுமாக. கன்னங்கள் மின்னின. மணிக்கட்டில் காப்புக் கயிறு மின்னியது. கழுத்தைச் சுற்றித் தாலிக்கயிறு ஒளிக்கோடாக ஓடியது. யார் யார் என்று தெரியவில்லை, கைகளும் முகங்களும் மட்டும் காற்றில் மிதந்தன. அவ்வளவு அழகாக எங்கள் பெண்களை நான் பார்த்ததில்லை. குனிந்து என்னைப் பார்த்தேன். என் சட்டையின் மார்பில் இரண்டு திட்டும் ஒரு நீளக் கோடும் மின்னின. காலையில் சாப்பிட்ட பருப்பு.

"பாருடி, இவரு சாப்பிடுற லட்சணம் லண்டன் லைட்டுல தெரியுது" என்றாள் வீரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பூரணி மட்டும் கும்பிட்ட கையை எடுக்கவில்லை.

ஜோசப்பின் வீரம்மாவின் கையை மெல்லப் பிடித்துக் காகிதத்துப் புள்ளியின் பக்கத்தில் வைத்தாள். அதே நிறம்.

"கையில என்ன அக்கா?"

"மஞ்சள்தான் புள்ள. காப்புக் கட்டுனா பூசாம இருப்பமா?"

"எப்பலேர்ந்து பூசுறீங்க?"

"மாசி பொறந்ததுலேர்ந்து கீழ்க்கணக்கு முழுக்க இதேதான். ஒங்க மேக்கணக்குலதான் எல்லாரும் வேதக்காரங்க, இப்ப தபசு காலம் வேற, மஞ்சளே தொட மாட்டீங்களே."

ஜோசப்பின் விளக்கை அணைத்தாள். பெண்கள் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். அவள் முக்காலியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள், பிறகு கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தாள். மலையிலிருந்து கொழுந்தோடு மஞ்சளும் கூடையில் வந்திருக்கிறது. உலகத்தில் யாருமே பார்க்காத அந்தப் பொருளை எங்கள் ஊரில் அம்மியில் அரைக்கிறார்கள். எனக்கு அப்போது முதலில் வந்த நினைப்பு அவளுடைய வேலையைப் பற்றியது என்று சொல்லத்தான் ஆசை. பழனியாண்டியின் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் முதலில் வந்தது. அவளுடைய வேலை அதற்கு அடுத்துத்தான் வந்தது. 

"நிறம் ஒண்ணா இருந்தா மட்டும் போதாது மாமா. சோதிச்சுப் பாக்கணும்" என்று எழுந்தாள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் கங்காணி ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தபோதே, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு அவளே கீழ்க்கணக்கு மலையில் இறங்கிக் கொழுந்து எடுத்தாள். காகிதங்கள் மூன்று தொங்கின. ஒன்றில் அவள் எடுத்த கொழுந்து, ஒன்றில் பெண்கள் எடுத்த கொழுந்து, ஒன்றில் வீரம்மாவின் மஞ்சளைக் கரைத்த வெறும் சொட்டு.

செவ்வாய் காலை விளக்கைப் போட்டோம். அவள் எடுத்த கொழுந்தில் மூன்றே புள்ளிகள். மற்ற இரண்டிலும் அந்தப் பூனைக்கண், ஒரே உயரத்தில்.

றோலண்ட் ஐயா மூன்று காகிதங்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"கார்ஸ்வெல் வர்ற நேரம். இன்னைக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாதே அம்மா. அவர் போனப்புறம் நானே மெதுவா எழுதிக்கிறேன். உன் வேலை அவர் கையெழுத்துலதான் தொங்குது, மறந்துட்டியா?"

"மறக்கல சேர். அவர் கேட்டா அது மஞ்சள்னுதான் சொல்லுவேன்."

"கேக்கலேன்னா, மிஸ்?" என்றேன் நான், ஆசையோடு.

"கேக்கலேன்னாலும்."

அந்த நேரம் அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. லயத்துச் சேற்றில் வெறுங்காலோடு விளையாடிய பிள்ளை இந்தக் கழுத்தை எங்கே இப்படி நிமிர்த்தப் பழகியது என்று தெரியவில்லை.

கார்ஸ்வெல் துரை நிலைப்படியில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து வந்தார். றோலண்ட் ஐயா இருமினார். ஜோசப்பின் முன்னால் வந்து மூன்று காகிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பேசினாள். என் ஆங்கிலம் 'குட் மோனிங்' சொன்னதும் ஓய்வெடுத்துக்கொள்ளும். ஆகையால் முகங்களை வைத்துத்தான் கதையைப் புரிந்துகொண்டேன். துரையின் புருவம் ஏறியது, இறங்கியது, இறங்கின இடத்திலேயே நின்றது.

அவர் ஏதோ கேட்டார். "மாமா, அக்காவைக் கூப்பிடுங்க" என்றாள் ஜோசப்பின்.

கூடையோடு வெளியே நின்ற வீரம்மா வந்தாள். துரை தலையைச் சாய்த்து அனுமதி கேட்டுவிட்டு, அவள் கையை விளக்குக்குக் கீழே பார்த்தார். "நல்லாக் கழுவிட்டுத்தான் வந்தேன்னு சொல்லு புள்ள, அழுக்குன்னு நெனைச்சுக்கப் போறாரு" என்றாள் வீரம்மா. கழுவின கை ஜொலித்தது.

விளக்கு அணைந்தது. துரை றோலண்ட் ஐயாவிடம் சுருக்கமாக ஒன்று கேட்டார். றோலண்ட் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். அவர் சொன்னதைப் பிற்பாடு ஜோசப்பின் எனக்குச் சொன்னாள்: "தவறைக் கண்டுபிடித்தது இவள்தான். சொல்லாதே என்று நான் கேட்டுக்கொண்டேன். இவள் கேட்கவில்லை." அன்றிலிருந்து றோலண்ட் ஐயாவின் குப்பிகளை நான் இரண்டு தடவை கழுவுகிறேன்.

துரை ஜன்னலோரம் போய் நின்றார். லண்டனில் அவருடைய ஆய்வுக்கூடத்திலும் ஒரு வருஷம் ஒரு புதுப் பொருளைத் துரத்தினார்களாம். கடைசியில் அது தரைக்குப் பூசுகிற மெழுகாம். "அதைக் கண்டுபிடித்துச் சொன்னவனை நான்தான் திட்டித் துரத்தினேன். இன்றைக்கு அவன் என்னிடம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றாராம். பிறகு மேசைக்கு வந்து, பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டார்.

எனக்கு மிச்சமிருந்தது லிந்துலை. கடை நிறைய ஆட்கள். மூலையில் வியாகுலம் வேறு இருந்தார். புள்ளி, மஞ்சள், கையெழுத்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பழனியாண்டி டீ ஆற்றுவதை நிறுத்தினான்.

"அப்ப ஒண்ணுமே கண்டுபிடிக்கலையா?"

"கண்டுபிடிச்சா. அப்படி ஒண்ணு இல்லேன்னு கண்டுபிடிச்சா. வேலை போனாலும் பரவாயில்லேன்னு லண்டன்காரன் முன்னால நின்னு சொன்னா. சொல்லு பாப்பம், நீயும் நானும் சொல்லியிருப்பமா?"

"அப்ப சர்க்கரை வியாதிக்கு மருந்து?" என்று ஒருவன் கேட்டான்.

"அது என் வாய்ல வெளைஞ்ச மருந்து. சாப்பிட்டுறாதே."

சிரிப்பு அடங்கியபோது வியாகுலம் எழுந்து நின்றிருந்தார். வளைந்த முதுகை அவரால் எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்தி, "என் மக" என்றார். யார் மகள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அவருக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது.

சோதனைக்கான கொழுந்தை அதன்பிறகு ஜோசப்பினே எடுக்கிறாள். வெள்ளைக் கோட்டுக்கு மேல் கூடையை மாட்டிக்கொண்டு அவள் மலையில் இறங்கினால் வீரம்மாவுக்குக் கொண்டாட்டம்.

"காம்போட கிள்ளுறியே புள்ள! இந்த வேகத்துல எடுத்தா ஒனக்குக் கங்காணி அரைநாள் சம்பளந்தான் போடுவாரு. பட்டம் குடுத்தவன் இதச் சொல்லித் தரலையா?" என்று சொல்லிக்கொண்டே, முற்றின இலையைப் பொறுக்கியெறியப் பழக்கதோஷத்தில் அவளுடைய கூடைக்குள் கையை விடப் போனாள்.

"அக்கா, கை! கை!"

வீரம்மா சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எந்தத் துரைக்கும் கட்டாத கை. கட்டிக்கொண்டு, பெரிய பெருமையோடு, பக்கத்து நிரையில் இருந்த பூரணியைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "ஏய், நீயும் தள்ளி நில்லுடி! நம்ம புள்ள சோதனை பண்ணுறா!"