எட்டு அசை, இரண்டு மதிப்பெண்

1

இந்தக் கதை கருணையில் பிறந்ததல்ல, நான் சிரித்ததில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

தொடக்கம்: 'ஏற்காட்டைப் பனி மூடியிருந்த அந்தக் காலையில்...' (வேண்டாம். சொல்ல ஒன்றுமில்லாதவன்தான் பனியை எழுதுவான்.)

2

ஆஸ்பத்திரி டெக்னீஷியன் படிப்பில் ஒரே ஓர் இலவச இடம். நேர்முகத் தேர்வில் ஆங்கில உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுகிறவன் நான். மாரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ரூபியிடம் ஒரு சொல்லைக் கொடுத்தேன்: எலெக்ட்ரோஎன்செஃபலோகிராம். மின்சாரம், மூளை, வரைவு என்று மூன்று கிரேக்கத் துண்டுகளை ஒட்டிய எட்டு அசை. அழுத்தம் ஐந்தாவது அசையான 'செ'யில் விழ வேண்டும். ரூபி ஒன்றையும் விடாமல் எட்டையும் சமமாகச் சொன்னாள். நான் சிரித்தேன்.

"அந்த டெஸ்ட் எனக்குத் தெரியுங்க சார். எங்கம்மாவுக்கு வலிப்பு வருங்க. சேலத்துல ரெண்டு வாட்டி எடுத்தாங்க. தலையெல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டுனாங்க. அம்மா நொம்பப் பயந்துச்சுங்க. நான்தானுங்க கையப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

பத்துக்கு இரண்டு போட்டேன்.

(அடிக்குறிப்பு: அன்று காலை மலையேறும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தடவை, போனைக் காதில் வைத்து அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டு வந்தேன். அதற்கு முன் என் வாயில் அது நுழைந்ததே இல்லை. நான் மேதை.)

3

ரூபி என்ற பாத்திரம் எனக்குச் சரிப்படவில்லை. அழுதிருந்தால் கதைக்கு உதவியிருக்கும். "எப்பங்க சார் சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

முடிவு ஒன்று: டெக்னீஷியனாகி என் தலையிலேயே ஒயர் ஒட்டுகிறாள். (சீச்சீ. செலவில்லாத பாவமன்னிப்பு.)

முடிவு இரண்டு: அம்மாவோடு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறாள். நான் அதை உருக்கமாக எழுதி... (கைதட்டு வாங்குவேன். என்னை எனக்குத் தெரியும்.)

4

இங்கே மதிப்பெண்ணைப் பென்சிலில்தான் போடுவோம். சிபாரிசு வந்தால் அழிக்க வசதி. ஐந்து மணிக்குத்தான் பேனா. ரூபிக்காக யாரும் போன் செய்யவில்லை. என் இரண்டு ஆறானால் இடம் அவளுக்கு. ஆனால் அழித்தால், நான் தப்பாகப் போட்டது கிளார்க் யூசுபுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான் என் கஷ்டம்.

யூசுப் வாசலில் நிற்கிறார். "ஏனுங்க சார், அஞ்சாகப் போகுதுங்க. ஷீட்டக் குடுத்தா பேனாவுல எழுதி அனுப்பிருவேன். அப்புடி என்னதானுங்க எழுதறீங்க?"

இதைத்தான். திருத்தாமல் இருக்க இதைவிடக் கௌரவமான சாக்கு எனக்குக் கிடைக்கவில்லை. ரப்பர் இடது கைப்பக்கம் கிடக்கிறது. நீங்கள் படிக்கிறவரை நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

படிப்பதை நிறுத்துங்கள்.