கடைசி அளவு

ஏரியூரிலிருந்து வந்தவர்களின் மாலையைக் கிருஷ்ணப்பன் கையில் வாங்கிய நேரத்தில், மருமகள் பிரியதர்ஷினி அறை வாசலில் வந்து நின்று, “மாமா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க” என்றாள்.

அவர் திரும்பவில்லை. முப்பத்தாறு வயது மகன் மதியழகன் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறான். தலைமாட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் எழுந்து வந்து, நாலு ஊர் ஜனம் பார்க்க மாமனாரைக் கூப்பிடுகிறாள். அவர் ஊர்க்கவுண்டர். பாப்பாரப்பட்டி சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு வீட்டிலும் முறை தவறினால் தட்டிக் கேட்பவர். அவர் வீட்டிலேயே முறை தவறுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாமா.”

மூன்றாவது முறை கூப்பிட விடக் கூடாது என்பதற்காகவே போனார்.

அறையில் சவுரியப்பன் நின்றிருந்தான். மகனோடு கல்லூரியில் படித்தவன். தர்மபுரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மேசை மேல் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று. பக்கத்துத் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“இது இன்னும் ஓடுதா?”

“நேத்து பதினொன்னே முக்காலுக்கு அவரு ஓட விட்டதுங்க. இருபத்துநாலு மணி நேரம் முழு வேகத்துல ஓடணும். இன்னிக்கு பதினொன்னே முக்காலுக்கு முடியுது. முடியறப்ப சத்தம் எவ்வளவுன்னு அளந்து எழுதணும். அந்தக் கடைசி அளவுதான் முக்கியம்” என்றாள் பிரியதர்ஷினி.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

“பொணத்த வெச்சுக்கிட்டு வேலை பாக்கறீங்களா ரெண்டு பேரும்?”

சவுரியப்பன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். “கொழந்தைங்களுக்குக் காது கேக்குதான்னு சோதிக்கிற எடத்துக்குங்க ஐயா. கம்ப்யூட்டர் சின்னதா இருக்கணும், வேகமா இருக்கணும், ஆனா அதோட ஃபேன் சத்தம் ரூம்ல கேக்கவே கூடாது. இதுக்கு முன்ன மூணு பாத்தோம். சூடு ஏறினா எல்லாம் இரையுது. இது தேறும்னு மதி சொன்னான். வாங்கலாமா வேணாமான்னு இன்னிக்குச் சாயங்காலம் நான் சொல்லியாகணும். அவன் கணக்குப்படி கடைசி அளவு இல்லாம நான் சொல்ல மாட்டேன். திருப்பி அனுப்பிடறேன். உங்களுக்குச் சங்கடம்னா வேணாங்க.”

“வேற வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயி அளக்க வேண்டியதுதானே.”

“வயரப் புடுங்கினா அவன் ஓட்டினது அத்தனையும் வீணுங்க.”

“அப்ப திருப்பி அனுப்பு.”

பிரியதர்ஷினி தலை நிமிர்ந்தாள். “நேத்து ஆம்புலன்ஸ்ல, பென்னாகரம் போறதுக்குள்ள, பேசினது ஒண்ணே ஒண்ணுதாங்க மாமா. பொட்டிய நிறுத்திடாதன்னாரு.”

ஜன்னலுக்கு வெளியே பந்தலடியில் யாரோ கேட்டது காதில் விழுந்தது: பையன் என்ன உத்தியோகம் பார்த்தான்?

பதில் சொன்னவன் அவருடைய மச்சினன் மாயவன். “பெங்களூர்ல ஏசி ரூம்ல இருந்தவன்தான். அத உட்டுட்டு வந்து ரெண்டு வருசமா சோத்து டப்பா சைஸுல ஒரு பொட்டிய வெச்சுக்கிட்டு, அது இரையுதா இரையலையான்னு காதுல வெச்சுக் கேட்டுட்டு இருந்தான். எடுத்த வேலை எதையும் முடிச்சவன் இல்ல, பாவம். மாடு கன்னு போட்டுதா இல்லையான்னு பாத்தாலும் ஒரு பிரயோசனம்.”

இரண்டு மூன்று பேர் சிரித்து, இடம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

கிருஷ்ணப்பனுக்குக் காது சுட்டது. மாயவனின் நாக்கை அறுக்கலாம் என்று இருந்தது. ஆனால் சோத்து டப்பா என்பது மாயவனின் சொல் அல்ல. போன மாசம் மாயவன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அவரே சொன்னது. பத்துப் பேர் நடுவில், மகன் கேட்கும்படி.

மேசையில் நோட்டு விரிந்து கிடந்தது. மகனின் கையெழுத்து சின்னது, சீரானது. நேற்றைய தேதி. நேரம் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு படித்தார்.

12.45 – 31. சரி.
1.45 – 47. அப்பா பேசுகிறார். மறுபடி எடுக்க வேண்டும்.
1.55 – 44. அப்பா.
2.10 – 32. சரி.
2.45 – 32. சரி.
3.45 – 32. சரி.
4.45 – 41. அப்பா இருமல். மறுபடி.

ஐந்தே முக்காலுக்கு எதிரே எண் இல்லை.

முன்பக்கங்களைப் புரட்டினார். வேறு தேதிகள், வேறு பெட்டிகள். எல்லாப் பக்கத்திலும் அப்பா இருந்தார். அப்பா போனில். அப்பா கூலி ஆளைத் திட்டுகிறார். அப்பா, மறுபடி. அப்பா, நாளைக்கு.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

“நான் சொல்றேன்னு எந்திரிச்சேங்க. வேணாம், இது அப்பா வூடுன்னாரு” என்றாள் பிரியதர்ஷினி.

கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தைந்து. கிருஷ்ணப்பன் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். கையை உயர்த்தினார். காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த சாவு மேளம் நின்றது.

மாயவன் ஓடி வந்தான். “என்ன மாமா இது? பொணம் எடுக்கற வரைக்கும் மேளம் நிக்கக் கூடாதுன்னு எங்க ஊர்ல வந்து அவராதம் போட்டவரே நீங்கதான்.”

“நாந்தான் போட்டேன். இப்ப நாந்தான் நிறுத்தச் சொல்றேன்.”

“கேக்கறவங்களுக்கு என்னன்னு சொல்றது?”

“எம் பையன் வேலை பாக்கறான்னு சொல்லு. பத்து நிமிசம் ஆரும் வாயத் தொறக்கக் கூடாது. போன அமத்துங்க. வண்டி வந்தா ரோட்டுலயே நிறுத்துங்க.”

மாயவன் அவர் முகத்தைப் பார்த்தான். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவன் நினைப்பது அவன் கண்ணில் தெரிந்தது. நாளைக்கு இந்தப் பேச்சு ஏரியூர் வரை போகும். போகட்டும். வாசலில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாயை மூடினார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தொட்டு நிறுத்தினார்கள். கூடத்து மின்விசிறியை அவரே நிறுத்தினார்.

அவர் மனைவி தீர்த்தம்மாள் மட்டும் ஐஸ் பெட்டியின் மேல் தலையை வைத்து, நேற்று மாலையிலிருந்து அழுத அதே அடிக்குரலில் அழுதுகொண்டிருந்தாள். அவளை அதட்ட அவருக்கு வாய் வரவில்லை.

சவுரியப்பன் சத்தம் அளக்கும் கருவியோடு அறை வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னான். “இன்னும் அம்பது காட்டுதுங்க.”

“இன்னும் என்ன சத்தம்?”

அவன் கூடத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவருக்கும் கேட்டது. ஐஸ் பெட்டி அடியில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஓடுவது. யார் காதிலும் இதுவரை விழாதது.

“போதுங்க ஐயா,” என்றான் சவுரியப்பன். “விட்டுருங்க. வெயிலு வேற.”

கிருஷ்ணப்பன் குனிந்து சுவிட்சை அணைத்தார். பெட்டி ஒரு முறை உதறி நின்றது.

தீர்த்தம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முதலில் அவரை. பிறகு அவர் விரல் இருந்த சுவிட்சை. பிறகு திறந்திருந்த அறைக்குள் தெரிந்த மேசையை. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் அப்படியொரு அமைதி இருந்ததாக அவருக்கு நினைவில்லை. அதற்குள் மெல்லியதாக ஏதோ கேட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாய்வது போன்ற சத்தம். மேசை மேல் இருந்த கறுப்புப் பெட்டிதான். ரெண்டு வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து, இப்போதுதான் கேட்கிறார்.

இருமல் நெஞ்சிலிருந்து ஏறியது. பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டைக்குள் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு சுவரில் கையூன்றி நின்றார். ஒரு முறை அளந்தார்கள். இரண்டாம் முறை. வாசலில் ஒரு சின்னப் பிள்ளை ஏதோ கேட்க வாயெடுத்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். மூன்றாம் முறை.

பிரியதர்ஷினி நோட்டில் எழுதினாள். “முப்பத்திமூணு,” என்றாள். “மூணு தடவையும்.”

“தேறிடுச்சுங்க ஐயா,” என்றான் சவுரியப்பன். அதற்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை. கதவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

கிருஷ்ணப்பன் இருமினார். நெடுநேரம் இருமினார். அடங்கியதும் சுவிட்சைப் போட்டார். மோட்டார் மறுபடி உறுமத் தொடங்கியது.

மேளக்காரர்கள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சைகைக்காகக் காத்திருந்தார்கள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி முழுக்கப் புகை படிந்தது போல் வெளுத்திருந்தது. மகனின் முகம் தெரியவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்துக்கு நேராகத் துடைத்தார். நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. உடனே மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தார்.

வாசலில் எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது துடைத்துக்கொண்டிருந்தது.